குடியாத்தம், வேலூர் பகுதியில் அம்மா அப்பா இருவருக்கும் பராமரிப்பு இல்லம் தேடுவது எப்படி?

குடியாத்தத்து மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் குடியாத்தத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 82. ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 76. கடந்த தை மாதத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும், வீட்டுக்கு வந்தபின் நடைப்பயிற்சி தொடராமல் போனதால் இப்போது பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கிறார். சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. எழுந்து உட்கார இருவர் பிடிக்க வேண்டும். அப்பா நடமாட்டத்தில் குறையில்லாதவர். ஆனால் அவருக்கு மறதி நோய் என்று கண்டறிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பகலில் ஓரளவு தெளிவாக இருப்பவர், விளக்கு வைக்கும் நேரமானால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று சாவியைத் தேடிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்.

நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். அண்ணன் குடும்பத்துடன் சிங்கப்பூரில் இருக்கிறார். முகவர்கள் மூலம் அமர்த்திய ஹோம் நர்ஸ்கள் நிலைப்பதில்லை. ஒருவர் ஊருக்குப் போனால் அடுத்தவர் வரும்வரை பக்கத்து வீட்டு அக்காவின் தயவில்தான் எல்லாம் நடக்கிறது. ஆகவே இருவரையும் நல்ல இல்லம் ஒன்றில் சேர்ப்பது என்று அண்ணனும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

விசாரித்த இடங்களில் ஒன்று, நடக்க முடிந்தவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று அம்மாவை மறுத்தது. இன்னொன்று அம்மாவை ஏற்றுக்கொள்ளும். வெளியே போய்விடும் பழக்கமுள்ள அப்பாவை ஏற்காது. வேறோர் இடத்தில் திரும்பக் கிடைக்காத பெரிய முன்பணம் கேட்டதோடு, வீட்டை இல்லத்தின் பெயருக்கு எழுதி வைத்தால் மாதக் கட்டணமே வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்களைப் பிரித்து வைப்பது சரிதானா? உறவினர் இருக்கும் வேலூர்ப் பக்கம் தேடுவதா, நான் இருக்கும் பெங்களூரில் தேடுவதா? ஓர் இல்லத்துக்குப் போனால் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

சத்துவாச்சாரி செவிலியர் (ஓய்வு) எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, இல்லம் தேடுவதற்கு முன்னால் இருவரையும் ஒருமுறை முதியோர் மருத்துவரிடம் முழுமையாகக் காட்டிவிடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனித்துறை இருக்கிறது; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இடுப்பெலும்பு அறுவை செய்துகொண்டவரை வலி அடங்கியதும் எழுப்பி நடக்க வைப்பதுதான் வழக்கம். அம்மா படுக்கையிலேயே இருப்பது எலும்பு கூடாததாலா, பயத்தாலா, தசை மெலிந்துபோனதாலா என்று தெரிந்துகொள்ளாமல் அவரைப் படுத்த படுக்கையானவர் என்று எழுதிக்கொடுத்துச் சேர்த்துவிட்டால், அங்கே யாரும் அவரை எழுப்ப முயலமாட்டார்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்பதையும் கேளுங்கள். தேவையில்லாமல் நீடிக்கும் குழாய் தொற்றுக்குத் தான் வழி. அப்பாவுக்கும் அப்படியே. மறதி திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, தலையில் பட்ட பழைய அடி என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கலாம்.

மருத்துவர்கள் முதியவரின் நிலையை அளக்கும்போது குளித்தல், உடை மாற்றுதல், கழிப்பறைக்குப் போதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறையும் பார்ப்பார்கள். இந்த ஆறிலும் அம்மாவால் முடிந்தது எது, அப்பாவால் முடிந்தது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை இருவருக்கும் என்னென்ன தேவைப்படுகிறது என்றும் எழுதுங்கள். என் கருத்தில் இந்த இரண்டாவது பட்டியல்தான் இல்லத்தைத் தீர்மானிக்க வேண்டும். பகலில் எல்லா இல்லங்களும் நன்றாகத்தான் இருக்கும். சமையலம்மா இருப்பார், மேலாளர் இருப்பார், பார்வையாளர்களும் வந்துபோவார்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் உண்டா, முப்பது பேருக்கு ஒரே ஓர் உதவியாளரா என்பதைக் கேளுங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியவரை, விழித்திருக்க ஆளில்லாத இடத்தில் சேர்க்கவே கூடாது. காற்றுப் படுக்கை இருக்கிறது என்பார்கள். அது இருந்தாலும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நேரில் போகும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். ஏற்கெனவே படுக்கையில் இருக்கும் ஒருவரிடம், அவரும் குடும்பத்தாரும் இசைந்தால், போர்வையை மெல்ல விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். படுக்கைப்புண் முதலில் குதிகாலிலும், முதுகின் அடியில் எலும்பு துருத்தும் இடத்திலும்தான் தொடங்கும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காமல் இருந்தால், அங்கே ஆளைப் புரட்டுவதில்லை என்று பொருள். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வறண்டிருக்கிறதா, தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அங்குள்ள ஒருவருக்கு மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் நேரத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. தலைப்பக்கத்தை உயர்த்திவைத்துக் கொடுத்து, முடிந்தபின்னும் அரை மணி நேரமாவது அப்படியே உட்கார வைத்தால் அவர்களுக்கு வேலை தெரியும். மட்டமாகப் படுக்க வைத்துக் கொடுத்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அந்த இல்லத்தை விட்டுவிடுங்கள்.

பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே வளாகத்தில், செவிலியர் பராமரிப்புள்ள பகுதியில் அம்மாவும், கதவும் மதிலும் காவலும் உள்ள வேறு பகுதியில் அப்பாவும் இருந்து, சாப்பாட்டு வேளைகளில் ஒன்றாக உட்கார முடிந்தால் அதுவே நல்லது. ஒரே அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அம்மாவுக்கு இரவில் உடை மாற்றும்போதெல்லாம் அப்பா விழித்துக் குழம்புவார். இன்னொன்றையும் கவனியுங்கள். நடமாடக்கூடிய கணவர் கூடவே இருந்தால், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பது, உதவியாளரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று பணியாளர்கள் தங்களை அறியாமலே விட்டுவிடுவார்கள். மறதியுள்ளவரை நம்பி அம்மாவின் மருந்து இருக்கக் கூடாது. இருவருக்கும் தனித்தனிப் பராமரிப்புக் குறிப்பேடு வேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

---

வாலாஜாபேட்டை வாசகர் எழுதியது:

என் மாமனாரை ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். பெங்களூரா வேலூரா என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: முன்னறிவிப்பில்லாமல் அடிக்கடி போய்ப் பார்க்கக்கூடியவர் யாரோ, அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் கட்டுகிற பிள்ளைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சித்தப்பாவோ அத்தையோ வேலூரில் இருந்து வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள் என்றால் வேலூர்தான். அவர்களும் வயதானவர்கள், வர இயலாதவர்கள் என்றால் பெங்களூரில் தேடுவதே சரி.

மொழியையும் யோசியுங்கள். மறதி கூடக்கூட, பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவும். சிறுவயதில் வீட்டில் பேசிய மொழியே கடைசிவரை நிற்கும். குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் அப்பா எந்த மொழியில் அம்மாவை அழைப்பாரோ, அந்த மொழி தெரிந்த ஒருவராவது மாலை நேரத்துப் பணியில் இருக்க வேண்டும். பல இல்லங்களில் உதவியாளர்கள் வடமாநிலங்களிலிருந்து வருகிறார்கள். உழைப்பாளிகள், அன்பானவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழம்பி நிற்கும் முதியவரை அமைதிப்படுத்தப் பேச்சுதான் வேண்டும்.

நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் முதியவர்களுக்குத் தாங்காது. தரைத்தளம் கேளுங்கள், மின்சாரம் போனால் மின்விசிறியும் காற்றுப் படுக்கையின் மோட்டாரும் ஓட ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். என் மாமனாருக்கு முதலில் பார்த்த இடத்தில் கட்டடம் புதிது, தோட்டமும் அழகு. சித்திரை மாதப் பிற்பகலில் மாடி அறைக்குள் நுழைந்தபோது சுவரைத் தொட முடியவில்லை.

முன்பணம் பற்றி: ஓரிரு மாதம் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்க்க அனுமதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டயப்பர், மருந்து, உடற்பயிற்சியாளர் (பிசியோதெரபிஸ்ட்), மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வண்டி, அங்கே கூடத் தங்கும் ஆள் ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதக் கட்டணத்தைவிட இந்தச் சில்லறைச் செலவுகள்தான் கணக்கைப் புரட்டும். முதியவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா, இறந்துவிட்டால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கேட்க மனம் கூசும், ஆனாலும் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு இதற்கெல்லாம் உதவும் என்று எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பயன்படும்; இல்லத்தில் தங்கும் செலவை ஏற்காது.

---

வேலூர் வழக்குரைஞர் எழுதியது:

வீட்டை இல்லத்தின் பெயருக்கு எழுதிக் கொடுப்பதற்கு எக்காரணம் கொண்டும் இசைய வேண்டாம். அந்த யோசனையைச் சொன்ன இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக்க வழி செய்கிறது. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இருக்கிறதா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் சிக்கிக்கொள்கின்றன. 82 வயதில் மறதி நோயுள்ள ஒருவர் அந்த வழக்கை நடத்தி மீள்வது எளிதல்ல.

உங்கள் குடும்பத்துக்கு இதைவிட அவசரமானது வேறொன்று. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கை இப்போது யார் இயக்குகிறார்கள்? பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அதன்பின் உயர்நீதிமன்றத்தை அணுகிப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டிய நிலை வரலாம். ஆகவே அவருக்குத் தெளிவு இருக்கும் காலத்திலேயே வங்கிக் கணக்கை, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் அம்மாவோடு கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். உயில் எழுத விரும்பினால், அன்றைய தேதியில் அவர் தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் இல்லத்தின் மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டாம். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் கருவூலத்தின் ஆண்டு நேர்காணலுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழை அஞ்சல்காரர் இருக்குமிடத்துக்கே வந்து எடுத்துக் கொடுப்பார்.

இல்லத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்; சந்தேகம் இருந்தால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். இன்னொரு சிறு செய்தி: வருமான வரிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயது கடந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய்வரை வாங்கும் தங்குமிட, உணவு, பராமரிப்புக் கட்டணத்துக்கு 2018 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ரசீதில் வரி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் கவனிக்காத நிலையில் உள்ள பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள் உள்ளன. மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

---

கே.வி.குப்பத்துக்காரர் எழுதியது:

எல்லோரும் இல்லத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்பதை இன்னொரு முறை யோசித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்தால் போதும். என் தாயாருக்கு உடற்பயிற்சியாளர் வந்து, கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்துப் பழக்கி, பிறகு வாக்கர் பிடித்து நிற்க வைத்தார். இப்போது தானே கழிப்பறைக்குப் போகிறார். சொந்த வீடு, தெரிந்த தெரு, காலையில் கேழ்வரகுக் கூழ் என்று இருப்பவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். தவறாக எண்ண வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

---

குடியாத்தத்து மகள் எழுதியது:

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. கே.வி.குப்பத்து ஐயா சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளவே ஆசைப்பட்டோம். பகலுக்கு ஆள் கிடைக்கிறார்கள், இரவுக்குக் கிடைப்பதில்லை, அப்பா கதவைத் திறந்துகொண்டு போவதும் இரவு தொடங்கும் வேளையில்தான். ஆனால் உடற்பயிற்சியாளருக்கு இன்றே பதிவு செய்கிறேன். இல்லம் கிடைக்கும்வரையாவது அம்மா உட்காரப் பழகட்டும். முதியோர் மருத்துவத் துறையிலும் இருவருக்கும் நாள் வாங்கிவிடுகிறேன். அத்தை வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறார், நடமாட்டமாகவும் இருக்கிறார். எனவே வேலூர்ப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்தோம்.

செவிலியர் அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்கிறார். மறுநாள் பேசியதே நினைவில்லாமல் மீண்டும் முதலிலிருந்து கேட்கிறார்.

---

சத்துவாச்சாரி செவிலியர் (ஓய்வு) எழுதியது:

வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்துவது இவருக்குப் பயன்படாது, மகளே. நினைவில் செய்தி நிற்காது, கலக்கம் மட்டும் நிற்கும். அம்மா மீண்டும் நடக்கப் பயிற்சி எடுக்கப் போகிறார், நீங்களும் கூட இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. என்றைக்கு வீட்டுக்குப் போவோம் என்று கேட்டால் தேதி சொல்லி ஏமாற்ற வேண்டாம். அம்மா நடக்கட்டும், மருத்துவர் சொல்வதைப் பார்ப்போம் என்று சொன்னால் போதும். மாலையில் அழைத்துச் செல்லாதீர்கள். காலைப் பலகாரம் முடிந்து அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் புறப்பட்டு, மதிய உணவை அங்கே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள் குழப்பம் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி உடனே திருப்பி அழைத்து வந்துவிட்டால் இரண்டு இடமாற்றங்களையும் அவர்தான் தாங்க வேண்டியிருக்கும். அதற்காக எல்லாவற்றையும் இடமாற்றத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. பகலிலும் தூங்கி வழிந்தாலோ, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அமைதிப்படுத்த மாத்திரை கொடுக்கலாமா என்று இல்லத்தில் கேட்டால், எந்த மருத்துவர், எந்த மருந்து, எவ்வளவு நாளைக்கு என்று எழுதி வாங்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் தொலைபேசியில் பேசுவது மாலை நான்கு மணிக்குள் இருக்கட்டும். விளக்கு வைத்தபின் உங்கள் குரல் கேட்டால் கிளம்பத் தோன்றும். சேர்க்கும் நாளிலேயே அவருடைய அண்மைக்காலப் புகைப்படத்தையும், உங்கள் எண்ணையும் அத்தையின் எண்ணையும் வாயிற்காவலரிடம் நேரில் கொடுங்கள். இரவுக் காவலர் வேறொருவர் என்றால் அவருக்கும் ஒரு படி தனியாகக் கொடுத்துவிடுங்கள்.